பலகைக் குடை

கிட்டே போய் விரலால் தட்டிப் பார்த்தாலொழிய அது பலகை என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளி நின்று பார்த்தால் பெரிய ராணுவ லாரி, அதன் முதுகில் வானத்தைப் பார்த்துச் சாய்ந்த ஏவுகணைப் பெட்டிகள், பக்கத்தில் தட்டை முகத்தோடு ரேடார். செய்திகளில் உலகமே பார்த்த உருவம். பெட்டிகள் ஒட்டுப்பலகை. சக்கரங்கள் ஓடாமல் கிடந்த டிராக்டர்களிடமிருந்து கழற்றியவை. ரேடாரின் முகம் கோழிப்பண்ணைக்குக் கூரை போடுகிற பட்டறையில் அடித்த தகரம். இஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விறகடுப்பு இருந்தது. அது எரிந்தால்தான் வெப்பம் பார்க்கும் கேமராவுக்கு வண்டி உயிரோடு இருப்பதாகத் தெரியும்.

இதையெல்லாம் செய்து, கொண்டுபோய் நிறுத்தி, காவல் காப்பது லெப்டினன்ட் லுக்கியானின் வேலை. போருக்கு முன்னால் அவன் போல்தாவாவில் நாடகங்களுக்கு அரண்மனையும் காடும் கப்பலும் செய்துகொண்டிருந்தான். அப்போது ஏமாற வந்தவர்கள் தெரிந்தே சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இப்போது ஏமாறவேண்டியவன் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

உண்மையான ஏவுகணை வண்டி, அது காக்கவேண்டிய பக்கத்து நகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. எங்கே என்று லுக்கியானுக்கும் தெரியாது. கடல் கடந்த ஒரு நாடு, கொடுக்கலாமா கூடாதா என்று குளிர்காலம் முழுக்க நாடாளுமன்றத்தில் விவாதம் நடத்திவிட்டுக் கொடுத்தது. அது ஒன்று இருப்பதால்தான் நகரத்தில் விளக்கு எரிந்தது, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது, டிராம் ஓடியது. அது போனால் இன்னொன்று வருவதற்குள் இன்னொரு குளிர்காலம் போய்விடும். எதிரியின் ட்ரோன்கள் அதைத் தேடித்தான் நாள் முழுக்க அலைந்தன. அவை தேடுவது கிடைத்துவிட்டதாக நம்பவேண்டும், வேறு இடத்தில் நம்பவேண்டும். அதற்குத்தான் பலகை.

வேறு இடம் என்று மேலதிகாரி கர்னல் புர்யாக் வரைபடத்தில் விரல் வைத்தது வெர்போவே என்கிற ஊரில். கடைசித் தெருவுக்கும் ஓடைக்கும் நடுவே, பேரிக்காய்த் தோப்பின் ஓரமாக.

செப்டம்பர் மாதத்து ஒரு மாலைப்பொழுதில் லாரிகள் மூடாக்கோடு வந்து இறங்கின. மறுநாள் விடிந்ததும் ஊர்த்தலைவி மோத்ரியா ஸகாரிவ்னா வந்துவிட்டாள். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, தோள் அகன்ற பெண்பிள்ளை. ஆயுள் முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவள். கையில் துணி போட்டு மூடிய ஒரு பானை.

வண்டியைச் சுற்றிக் கட்டிய மறைப்பு வலைத்தட்டிக்கு வெளியிலேயே லுக்கியான் அவளை மறித்தான்.

"இதுக்கு மேல வரக்கூடாது, மோத்ரியா ஸகாரிவ்னா. ரகசியம்."

"ரகசியமா? எங்க வீட்டுக் கூரைல ஏறின சேவலுக்கே தெரியுது தம்பி, நீங்க என்ன கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்கன்னு." பானையை அவன் கையில் திணித்தாள். "வரெனிகி. உருளைக்கிழங்கு வச்ச கொழுக்கட்டை. எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்கமாட்டேன், அதுவும் ரகசியமா இருக்கும். பத்தலைன்னா சொல்லு."

"இதெல்லாம் எதுக்கு?"

"எதுக்கா? ரெண்டு வருஷமா தலைக்கு மேல எவன் வேணா போறான் வரான். இப்பதான் எங்களுக்குன்னு ஒரு குடை வந்திருக்கு." அவள் வலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெட்டிகளின் முனையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டு லுக்கியான் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுடைய சார்ஜென்ட் சொலோமியா. நகரத்தில் டிராலி பஸ் ஓட்டியவள், நாக்கில் முள் வைத்துப் பிறந்தவள். அன்று வரெனிகியைத் தின்றபடியே சொன்னாள்: "நல்லா இருக்கு. தொண்டையிலதான் இறங்கமாட்டேங்குது."

மோத்ரியா அத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்தாள். ஊரைவிட்டுப் போனவர்கள் போல்தாவா, த்னிப்ரோ போன்ற தூரத்து ஊர்களில் பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒண்டிக்கிடந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்தாள். வாருங்கள், குளிருக்கு முன்னால் வந்து உருளைக்கிழங்கைத் தோண்டுங்கள், குடை வந்துவிட்டது. என்ன குடை என்று போனில் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஸ்ஸில் வந்தார்கள், மெத்தையையும் பூனையையும் ஏற்றிக்கொண்டு பழைய காரில் வந்தார்கள். பலகை அடித்து மூடியிருந்த சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காலையில் தோப்போரம் நின்று பார்த்தால் புகைபோக்கிகளில் புகை கூடிக்கொண்டே வந்தது.

"நேத்து அந்த நீலக் கதவு வீட்ல புகை இல்ல," என்றாள் சொலோமியா. "இன்னிக்கு வருது பாருங்க, கமாண்டர்."

"பார்த்தேன்."

"கைக்குழந்தை ஒண்ணு வந்திருக்கு. தலைவியோட பேத்தியாம். மக வசிலீனா தலைவி வீட்டுக்குப் பக்கத்து வீட்லதான் இருக்கா. கடைசித் தெரு."

 அன்றே லுக்கியான் கர்னலை அழைத்தான்.

"கர்னல், ஊர் நிறையுது. நம்மள நம்பித்தான் வராங்க. வண்டிய ஓடைக்கு அந்தப் பக்கம், வெட்டவெளிக்கு மாத்திடறேன்."

"வெட்டவெளியில அத எவனும் நிறுத்தமாட்டான். மரம் இருக்கணும், ரோடு இருக்கணும். அது அவனுக்கும் தெரியும்."

"அப்ப ஊரையாவது காலி பண்ணச் சொல்லுங்க."

மறுமுனையில் புர்யாக் மூச்சு விட்டார். "ஊரைக் காலி பண்ணினா மேல இருந்து பாக்கறவன் என்ன நினைப்பான்? துணி காயணும். மாடு மேயணும். புகை வரணும். நீ நாடகக்காரன், உனக்கு நான் சொல்லணுமா?"

"இவங்க யாரும் நடிக்க வந்தவங்க இல்ல."

"தெரியும்டா. நகரத்துல பிரசவ ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, என் மருமக அங்கதான் படுத்திருக்கா. அங்க இருக்கறவங்களும் நடிக்க வரல. உண்மையான அந்த ஒண்ணு போச்சுன்னா என்ன ஆகும்னு நீ சொல்லு, நான் கேக்கறேன்." புர்யாக் குரலைத் தாழ்த்தினார். "வாயைத் திறந்துடாத லுக்கியான். ஒருத்தர்கிட்ட சொன்னா போன்ல ஊரெல்லாம் போயிடும். அப்புறம் பலகை அடிச்சது அத்தனையும் வீண்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. அதுதான் அவனை வதைத்தது.

தினமும் காலையில் அவன் விறகடுப்பைப் பற்றவைத்தான். ரேடார் போல அலை எழுப்புகிற சின்னப் பெட்டியை முடுக்கிவிட்டான். பிறகு எல்லோரும் ஓடைக்கரையில் வெட்டிய பதுங்குகுழிக்குப் போய் உட்கார்ந்தார்கள். மதியவாக்கில் ட்ரோன் வரும். தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி மெல்லிய சத்தம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில். அந்தச் சத்தம் கேட்டால் ஊர்க்காரர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பயந்து அல்ல, சவால் விடுவது போல. வேலியோரம் நின்று ஓனிசிம் அதைப் பார்த்துக் கைமுஷ்டியைக் காட்டினான். அவன் அக்காவோடு வாழும் கிழட்டுப் பிரம்மச்சாரி, வாயை அடக்கத் தெரியாதவன்.

"என்னா கமாண்டர், அவனைச் சுடமாட்டீங்களா?"

"சின்ன ட்ரோனுக்கு இதை வீணாக்கக்கூடாது, ஓனிசிம் ஐயா."

"அதுவும் சரி. கொசுவுக்குப் பீரங்கி எதுக்கு? பெரிசா வரட்டும்." ஓனிசிம் கண்ணடித்தான். "வந்தா பாத்துக்குவீங்க, இல்ல?"

லுக்கியான் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான்.

அக்டோபர் பிறந்தது. வெர்போவே பழைய தேவாலய நாட்காட்டியை விடாத ஊர். மாதாவின் போர்வைத் திருநாளான பொக்ரோவாவை மாத நடுவில்தான் கொண்டாடுவார்கள். அதற்கு முந்தின நாள் மதியம் ட்ரோன் வந்தது. ஆனால் வழக்கம்போலப் போகவில்லை. தோப்புக்கு மேலே வட்டமடித்தது. சத்தம் தாழ்ந்தது. நன்றாகத் தாழ்ந்து, கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு இறங்கி, திரும்ப ஏறியது. அது போன கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து அதே வட்டத்தைச் சுற்றியது.

 சத்தம் ஓய்ந்ததும் பதுங்குகுழியில் சொலோமியா தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"பாத்துட்டான்."

இத்தனை நாள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். வேலை முடிந்த மாதிரிதான். உத்தரவுப்படி இனிமேல் அடுப்பை மட்டும் அணையாமல் பார்த்துக்கொண்டு தள்ளி இருக்கவேண்டும். அடி இன்று மாலை வரலாம், நாளை வரலாம். பெரும்பாலும் மறுநாள் பகலில் வரும், வண்டி நகரவில்லை என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்ட பிறகு.

லுக்கியான் குழியைவிட்டு ஏறினான்.

"எங்க போறீங்க?" என்றாள் சொலோமியா.

"ஊருக்குள்ள."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் எதையும் கேக்கல. நீங்க எங்கயும் போகல."

மோத்ரியா மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து திருநாளுக்கு வேகிற முட்டைக்கோஸ் அப்பத்தின் வாசனை வந்தது. லுக்கியான் வாசலில் நின்றபடியே சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். குடை இல்லை, பலகை. உங்களைக் காக்க வரவில்லை, அடி வாங்க வந்தது. நாளைக்கு வாங்கும்.

வாளியில் விழுந்துகொண்டிருந்த பால் நின்றது. அவள் எழுந்து வந்து அறைவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அவள் பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வரமாட்டேன்னாங்க," என்றாள் கடைசியில். "வசிலீனா வரமாட்டேன்னா. நான்தான் விடாம போன் போட்டேன். பைத்தியமாடி நீ, குழந்தையை வச்சுக்கிட்டு யாரோ வீட்டு வராந்தால படுத்திருக்கன்னு திட்டினேன். ஒவ்வொருத்தரையும் என் வாயால கூப்பிட்டேன்."

"நான் முன்னாடியே…"

"பேசாத." அவள் இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாரையும் இன்னிக்கே கிளப்பிட்டா?"

"ஊர் மொத்தமா மூட்டை கட்டினா மேல இருந்து தெரியும். புகை வரணும்னு கர்னல் சொல்றார். இது பொய்னு புரிஞ்சுக்குவான். அப்புறம் உண்மையானத…"

"நகரம்." அவள் தலையசைத்தாள். அவள் தங்கை நகரத்தில் நூற்பாலையில் வேலை பார்க்கிறாள் என்று லுக்கியானுக்குப் பிறகுதான் தெரிந்தது. "மூட்டை கட்டக்கூடாது. சரி. திருநாளுக்குப் போறவன் மூட்டை கட்டமாட்டான்."

மறுநாள் காலை பால் காய்வதற்குள் மோத்ரியா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். இந்த வருஷம் பூசை நம்ம கோயிலில் இல்லை, ஆற்றுக்கு அந்தக் கரையில் லூகி ஊர்க் கோயிலில், பாதிரியார் அங்கேதான் வருகிறார், ஒருத்தர் விடாமல் கிளம்புங்கள். லூகி பாதிரியாரிடம் போனில் என்ன சொன்னாளோ, அவர் எதுவும் கேட்காமல் ஒத்துக்கொண்டிருந்தார்.

ஜனங்கள் முனகினார்கள். சொந்தக் கோயில் இருக்கும்போது லூகிக்கு எதற்கு? லூகிக்காரர்களுக்கும் வெர்போவேக்காரர்களுக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

"அவனுங்க ஊத்திக் குடுக்கற வோட்கால பாதி கிணத்துத் தண்ணி," என்றான் ஓனிசிம். "நான் வரல."

"நீ குடிக்கற அளவுக்குத் தண்ணி கலந்தாதான் உன் ஈரல் பிழைக்கும். ஏறு வண்டியில," என்றாள் மோத்ரியா.

பூவேலை செய்த சட்டைகள், தலைத்துணிகள், துணி மூடிய அப்பக் கூடைகள். பள்ளிக்கூட பஸ்ஸும், பின்னால் வைக்கோல் பரப்பிய டிராக்டர் வண்டிகளும் நின்றன. ஓனிசிமின் அக்கா யாவ்தோஹா அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். மேலே மேகமில்லாத வானம். பார்க்கிறவன் பார்க்கட்டும். ஊர் திருநாளுக்குப் போகிறது.

வசிலீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் படியில் நின்றாள். "நீ ஏறலையாம்மா?"

"வரேன் பின்னாடி. மாடு கன்னு போடப்போகுது."

"நம்ம மாடு சினையே இல்லையே."

"ஓனிசிமோட மாடு."

"ஓனிசிம் மாமா வீட்ல மாடே கிடையாது."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வசிலீனா தாயின் தோளுக்கு மேலே, தோப்போரம் வலைக்குள்ளிருந்து நீண்ட அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். அவள் கை தானாகக் குழந்தையின் தலையை மூடியது.

"குழந்தையத் தூக்கிட்டு உள்ள போ," என்றாள் மோத்ரியா மெதுவாக. "சன்னலோரம் உக்காராத. அங்க போய் நல்லா பாடுங்க."

வசிலீனா ஒன்றும் கேட்காமல் ஏறிக்கொண்டாள். கேட்டால் மற்றவர்களுக்கும் கேட்கும் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வண்டிகள் பாலத்தைத் தாண்டும் வரை லுக்கியான் தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் கொஞ்சம் மூச்சு இறங்கியது. பலகை லாரிக்குள் ஏறி அடுப்பில் நிறைய விறகை அடுக்கினான். வெளியே வந்து ஊரைப் பார்த்தவன் திடுக்கிட்டான். கடைசித் தெருவில் ஒரு புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டிலும் வந்தது.

ஓடினான். ஒரு முற்றத்தில் மோத்ரியா கொடியில் ஈரத்துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய துணியோ. சின்னக் குழந்தையின் உடுப்புகள் வரிசையாகத் தொங்கின.

"நீங்க போகலையா?"

"புகை வேணும்னு உங்க கர்னல் சொன்னாருன்னியே. யார் போடறது? நீ பலகையில பண்றத நான் வீட்ல பண்றேன்." அவள் கையிலிருந்த துணிக்கிளிப்பை ஈரத்துணியில் மாட்டினாள். "இந்தத் தெருவுல மத்த அடுப்பெல்லாம் பத்தவச்சாச்சு. அந்தக் கோடி வீடும் நீலக் கதவும் பாக்கி."

"போதும். குழிக்கு வாங்க."

"பாதி வீட்ல புகை, பாதி வீட்ல இல்லைன்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு."

அவன் கோடி வீட்டுக்கு ஓடினான். அவள் நீலக் கதவுக்குப் போனாள். ஆளில்லாத சமையலறையில் மண்டியிட்டு, முன்பின் தெரியாத குடும்பத்தின் அடுப்பில் லுக்கியான் தீக்குச்சி கிழித்தான். மேசையில் பாதி குடித்த தேநீர் இருந்தது. நாற்காலியில் ஒற்றைக் காலுறை. எத்தனையோ மேடைகளில் இப்படி அடுக்கி வைத்திருக்கிறான், இப்போதுதான் எழுந்து போனார்கள் என்று காட்டுவதற்காக. முதல் குச்சி அணைந்தது, இன்னொன்றைக் கிழித்தான். வெளியே தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. வந்தது, சுற்றியது, போனது.

அடுத்து அவன் போனில் எச்சரிக்கை அலறியது. நெடுந்தூர ஏவுகணை, இந்தத் திசையில்.

அவன் தெருவில் பாய்ந்து மோத்ரியாவின் கையைப் பிடித்தான். பதுங்குகுழி எட்டாது. அவளே அவனை இழுத்துக்கொண்டு தன் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறைக்கு ஓடினாள். கடைசிப் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது தரை அவர்களைத் தூக்கி எறிந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்த மாதிரி இருந்தது. தோப்புப் பக்கம். மண் கொட்டியது, கிழங்குகள் உருண்டன. எழுந்திருக்க முயன்றபோது இரண்டாவது விழுந்தது. இது தோப்பில் இல்லை. தலைக்கு மேலே, தெருவில்.

பிறகு ஒரே அமைதி. மோத்ரியாவின் வலது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்து அவன் புரிந்துகொண்டான்: "எல்லாரும் லூகியில இருக்காங்க. எல்லாரும் லூகியில."

மேலே வந்தார்கள். வசிலீனாவின் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நீலக் கதவு மட்டும் சட்டத்தோடு நின்றது, அதன் பின்னால் ஒன்றுமில்லை. ஓடைப்பக்கமிருந்து சொலோமியா புழுதி அப்பிய முகத்தோடு ஓடிவந்தாள். நம்ம ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று கையால் காட்டினாள். லுக்கியான் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது மோத்ரியா தெருக்கோடியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

அங்கே ஒரு சைக்கிள் கிடந்தது. அதன் சக்கரம் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஓனிசிம் வேலியோரம் பக்கவாட்டில் படுத்திருந்தான், பூவேலைச் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல். காதோரம் சின்னதாக ஒரு காயம், அவ்வளவுதான். சட்டைக்குள் தன் சொந்தப் பாட்டிலை வைத்திருந்தான். லூகியின் வோட்காவை நம்பாமல் அதை எடுத்துப்போகத்தான், யாரிடமோ சைக்கிளை வாங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறான். பாட்டில் உடையவில்லை.

மோத்ரியா அவன் கண்களை மூடிவிட்டாள். "குடிகாரா," என்றாள். "உன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கணும்டா."

திருநாளுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டிராக்டரிலிருந்து குதித்து அவரவர் வீட்டை நோக்கி ஓடினார்கள். தோப்பில் பெரிய பள்ளம். ஐயோ, நம்ம குடை போச்சே, பசங்க உயிரோட இருக்காங்களா என்று சிலர் முதலில் ராணுவத்தாரிடம்தான் ஓடிவந்தார்கள். ஒரு பெண் சொலோமியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொலோமியா மரம்போல நின்றாள்.

பிறகு ஒவ்வொருவராகக் கீழே பார்த்தார்கள். முட்டைக்கோஸ் பாத்திகளில், கிணற்றடியில், கூரைகளில், சிறாய் சிறாயாகக் கிடந்தது. ராணுவப் பச்சை ஒரு பக்கம், வெள்ளை மரம் மறுபக்கம்.

வசிலீனா தன் வீட்டு இடிபாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துண்டை விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது.

"இதுதானாம்மா குடை?"

  யாவ்தோஹா தம்பியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கையில் கிடைத்த பலகையை லுக்கியானின் காலடியில் போட்டாள்.

"வந்தா பாத்துக்குவீங்களான்னு கேட்டானாமே அவன். நீ தலையாட்டினியாம். வீட்ல வந்து பெருமையா சொன்னான்."

லுக்கியான் அவளை நேராகப் பார்த்தான். "ஆமா," என்றான். "ஆட்டினேன்."

அவள் துப்பினாள். அது அவன் பூட்ஸில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

அதற்குள் சொலோமியாவின் போனில் செய்தி வந்துவிட்டது. எதிரியின் தொலைக்காட்சி மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது: தோப்பு, பெட்டிகள், தீப்பந்து. வெளிநாடு கொடுத்த ஏவுகணை அமைப்பு அழிக்கப்பட்டது என்று சிரித்த முகத்தோடு ஒருவன் சொன்னான். சொலோமியா அதை மோத்ரியாவிடம் காட்டினாள். மோத்ரியா கேட்கிற காதில் ஒட்டி வைத்து முழுதும் கேட்டாள். பிறகு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். காது கேளாததால் தேவைக்கு மேல் உரக்கப் பேசினாள்.

"உங்களைக் கூப்பிட்டது நான். காலையில தெரிஞ்சும் சொல்லாம அனுப்பினதும் நான். என்னை என்ன பண்ணணுமோ அப்புறம் பண்ணுங்க. இப்ப அவன் ஜெயிச்சிட்டதா நினைச்சிட்டிருக்கான். நாளைக்குக் காலையில திரும்ப வந்து போட்டோ எடுப்பான். இந்த வெள்ளை மரம் அவன் கண்ணுல பட்டா அத்தனையும் பொய்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஓனிசிம் எதுக்கு செத்தான்?"

"எதுக்கு செத்தான்?" என்றாள் யாவ்தோஹா.

மோத்ரியா அவளையே பார்த்தாள்.  "தெரியல, யாவ்தோஹா," என்றாள். "ஆனா ஒண்ணுக்குமே இல்லாம சாகக்கூடாது."

முதலில் குனிந்தது வசிலீனா. குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பொறுக்கினாள். பிறகு மற்றவர்கள். திருநாள் உடுப்போடு, அப்பம் கொண்டுபோன கூடைகளில், வெளிச்சம் இருக்கும் வரை பாத்தி பாத்தியாகப் பொறுக்கினார்கள். மிச்சமிருந்த வீடுகளின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். பெயின்ட் எரிகிற கசப்புப் புகை ஊரெங்கும் நின்றது. சிலர் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களிடம் போன் இருந்தது, போனில் யாரிடம் என்ன சொல்வார்கள் என்று லுக்கியானால் சொல்ல முடியாது. ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்று அவன் யோசித்தான். யோசிக்காமல் இருக்கப் பார்த்தான்.

ஓனிசிமின் அடக்கம் வரை இருக்க அனுமதி கேட்டான். கர்னல் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, முன்னால் வரச் சொல்லவுமில்லை.

முடிந்ததும் மோத்ரியா அவனிடம் வந்தாள். காதில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அடுத்தது எந்த ஊரு?"

"சொல்லக்கூடாது."

"சொல்லாத. தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? ஆனா அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா. நீ வந்து இறங்கினதும் போனைக் கையில எடுப்பா. அவ எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"சொல்றேன்."

"என்ன?"

"சொல்றேன்," என்றான் உரக்க. குழிமேட்டருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாவ்தோஹாவும் பார்த்தாள்.

வண்டி ஊரைத் தாண்டியதும் கர்னல் அழைத்தார். குரலில் களைப்பு. மருமகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது என்றார், கரன்ட் போகாமல் ஆயிற்று என்றார். பட்டறையில் அடுத்ததற்குப் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது, வியாழக்கிழமை எடுத்துக்கொள், இந்த இடத்துக்குப் போ என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்.

"அந்த ஊர்த்தலைவர் யாரோ, போன உடனே அவங்ககிட்ட உண்மையச் சொல்லப்போறேன், கர்னல்," என்றான் லுக்கியான். "வெர்போவேயிலயும் சொன்னேன். அதனாலதான் ஒரே ஒரு உயிரோட போச்சு."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சொலோமியா திரும்பிப் பார்க்காமல் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள், பதில் அவளுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல.  கர்னல் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.